தொகுப்பு வீட்டுக் கூரைக்கு யார் வெள்ளையடிப்பது?

மே மாதம் இரண்டாவது வாரம், மாலை ஆறரை மணி. ஷூ கம்பெனி வேன்கள் பெண்களை ஊர் ஊராக இறக்கிவிட்டுக்கொண்டிருந்த நேரம். பட்டா மனு ஒன்றில் கையெழுத்து வாங்க, ஆம்பூருக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். தெருவே வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் ஒருவரும் இல்லை. அப்பர் தைக்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த அக்கா ஒருவர் முந்தானையால் விசிறிக்கொண்டே, "உள்ள போயி அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வா தம்பி, அப்பறம் கையெழுத்து வாங்கிக்க" என்றார்.

போய் நின்றேன். வெளியே வெயில் தணிந்திருந்தது. உள்ளே தலைக்கு மேலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. மின்விசிறி சுற்றியது, அதே அனலைத்தான் சுற்றிவிட்டது. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் தெருவிளக்குக் கம்பத்தடியில் நோட்டை விரித்து வைத்திருந்தாள். "பத்து மணிக்கு மேலதான் சார் உள்ள போவோம். அதுக்குள்ள கொசு படிக்க வுடாது" என்றாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசு கட்டிக்கொடுத்த வீடு அது. ஒரு கூடம், ஒரு சமையலறை, மேலே கான்கிரீட் கூரை. ஊரில் அதைக் காலனி வீடு என்பார்கள். அரசுக் கோப்பில் தொகுப்பு வீடு.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டப்பேரவையில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்றவர்களில் நானும் ஒருவன். தமிழ் படித்தவன் என்பதால், ஒரு சொல் ஒரு மனிதனின் முதுகில் எவ்வளவு கனக்கும் என்பது எனக்குத் தெரியும். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை முகவரி எழுதும்போது கை தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். சொல்லை நீக்க அரசுக்கு ஓர் ஆணை போதும். அந்த வீட்டுக் கூரைச் சூட்டை நீக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நினைத்ததைவிட மிகக் குறைவு. அந்தக் கணக்கைத்தான் இங்கே வைக்கிறேன்.

வேலூரை ‘வெயிலூர்’ என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வது நமக்குப் பழக்கம்தான். சுற்றிலும் பாறை மலைகள், நடுவே வறண்ட பாலாற்று மணல். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. ஆனால் அந்த 40 டிகிரி, வானிலை ஆய்வு மையம் நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் காற்றின் சூடு. மொட்டை மாடிக் கான்கிரீட்டின் மேற்பரப்பு நண்பகலில் 50 டிகிரிக்கும் மேலே போகும். ஓலை, ஓடு போல் அல்லாமல் கான்கிரீட் சூட்டை உள்வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கீழே விடுகிறது. நாலரை அங்குலத் தளத்தின் மேல்பக்கச் சூடு கீழ்ப்பக்கம் வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே வெளியே உச்சி வெயில் முடிந்த பிறகுதான் வீட்டுக்குள் உச்சி வெயில் தொடங்குகிறது. தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்கள் வீடு திரும்புவதும் அந்த நேரத்தில்தான்.

வசதியான வீட்டிலும் இதே கான்கிரீட்தானே என்று கேட்கலாம். அங்கே தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். இல்லையென்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். மேலே இன்னொரு மாடி இருக்கும், கீழ்வீட்டுக்குச் சூடு வராது. எதுவும் இல்லையென்றால் ஏசி இருக்கும். எங்கள் பகுதியில் நான் ஏறிப் பார்த்த காலனி வீடுகளில் பெரும்பாலானவற்றின் மேல் எதுவும் கிடையாது. மழையும் பாசியும் கருக்க வைத்த வெறும் கான்கிரீட். கறுப்பு நிறம் வெயிலை இன்னும் இழுக்கும். பல வீடுகளில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து, தூங்குகிறவர் மேல் விழுகிறது.

நகரத்து நண்பர்கள் சிலர் இதைக் கேட்டவுடன், "ஓலைக் குடிசை எவ்வளவு குளிர்ச்சி! கான்கிரீட் ஆசையால் வந்த வினை" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். எங்கள் பாட்டிமார் பனையோலையையும் கரும்புத் தோகையையும் விட்டு வெளியே வந்தது ஆசையால் மட்டும் அல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். சேரியில் கூரை என்றால் தீப்பெட்டியின் நினைவு வராத காலம் இருந்ததில்லை. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலையே ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டித் தருவதுதான். 1985இல் ஒன்றிய அரசு தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டமும் முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. கான்கிரீட் எங்களுக்குப் பாதுகாப்பும் மரியாதையுமாக வந்த பொருள். அதைத் திருப்பித் தரச் சொல்லாதீர்கள். அதன்மேல் போட வேண்டிய இரண்டு அங்குலம் விட்டுப்போயிருக்கிறது. அதைப் போடச் சொல்கிறோம்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில், மின்சாரச் செலவு குறையும்படியும் உடல் தாங்கும்படியும் சில மாற்றங்களைச் செய்வதை உலகம் முழுவதும் ‘ரெட்ரோஃபிட்’ என்கிறார்கள். குளிர் நாடுகளில் சுவருக்குள் பஞ்சு அடைப்பார்கள், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவார்கள். நமக்கு அது கூரைக்கு வெள்ளை, ஜன்னலுக்கு நிழல், குறைந்த மின்சாரத்தில் ஓடும் விசிறி. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இவ்வளவுதான் விஷயம். சிக்கல் பணம் யாருக்குப் போகிறது என்பதில் இருக்கிறது.

நம் நாட்டில் வீடுகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதி என்று ஒன்று உண்டு. 2018 டிசம்பரில் வெளிவந்த ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’. கூரை வழியே எவ்வளவு சூடு இறங்கலாம் என்பதற்கு அது அளவு வைத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கு, அதுவும் 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளுக்கு. ஏறத்தாழ 12 சென்ட். ஆதிதிராவிடர் நலத்துறை கிராமத்தில் கொடுக்கும் இலவச மனை 3 சென்ட். 2022இல் திருத்தப்பட்ட ஆற்றல் சேமிப்புச் சட்டம் 100 கிலோவாட் மின்பளு உள்ள கட்டடங்களைப் பற்றிப் பேசுகிறது. நம் வீட்டில் இரண்டு விசிறி, மூன்று விளக்கு, ஒரு டிவி, ஒரு மிக்ஸி.

தெலங்கானா 2023 ஏப்ரலில் இந்தியாவிலேயே முதலாவதாகக் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை வெப்பம் தாங்கும்படி மாற்றுவது இலக்கு. துணிச்சலான இலக்குதான். ஆனால் தனியார் வீடுகளில் கட்டாயம் என்பது 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனைகளுக்குத்தான். அதுவும் ஏறத்தாழ 12 சென்ட். அதற்குக் கீழே இருப்பவர்கள் விருப்பப்பட்டால் செய்துகொள்ளலாம். விருப்பம் யாருக்கு இல்லை?

மிச்சப்படுத்த எங்களிடம் என்ன இருக்கிறது?

ஆற்றல் சேமிப்புத் திட்டங்கள் எல்லாம் ஒரே கேள்வியில் தொடங்கும்: இதனால் எத்தனை யூனிட் மிச்சமாகும்? செலவழித்த பணம் எத்தனை ஆண்டில் மின்கட்டணத்தில் திரும்பி வரும்? இந்தக் கேள்வியைக் காலனி வீட்டில் கேட்டால் திட்டம் அங்கேயே செத்துவிடும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏசி ஓடும் வீட்டில் கூரைக்கு வெள்ளையடித்தால் மின்கட்டணம் நூற்றுக்கணக்கில் குறையும். எங்கள் அக்கா வீட்டில் கட்டணம் ஏற்கெனவே மிகச் சிறியது. குறைவதற்கு அதிகம் இல்லை. குறைய வேண்டியது சூடு. அது எந்த மின்கட்டண அட்டையிலும் ஏறுவதில்லை. கொஞ்சமாக மின்சாரம் செலவழித்து, நிறைய வெப்பத்தைத் தாங்குகிறவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

சூரிய மின்கூரைத் திட்டத்தைப் பாருங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு 1 கோடி வீடுகள். மூன்று கிலோவாட் தகடு வைத்தால் ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மீதிப் பணத்தை நாம் போட வேண்டும், அல்லது வங்கியில் கடன் வாங்க வேண்டும். 100 யூனிட் இலவசத்திலேயே காலம் தள்ளும் குடும்பம் எதற்காகக் கடன் வாங்கித் தகடு வைக்கும்? மானியம் போய்ச் சேரும் இடம் அதிக மின்சாரம் செலவாகும் வீடு. நான் அந்தத் திட்டத்துக்கு எதிரி அல்ல. ஆனால் அந்த ஒரு வீட்டு மானியத்தில் எத்தனை காலனி வீட்டுக் கூரை குளிரும் என்று பாருங்கள்.

தெலங்கானா அரசு குளிர்கூரைக்குச் சொன்ன செலவு ஒரு சதுர மீட்டருக்கு 300 ரூபாய். 300 சதுர அடி வீடு என்றால் கூரை சுமார் 28 சதுர மீட்டர். கணக்கு 8,400 ரூபாய். இது 2023இல் சொன்ன விலை, பெரிய அளவில் மொத்தமாகச் செய்யும்போது ஆகும் விலை. நம் ஊரில் கூலி, வண்டி, விலையேற்றம் எல்லாம் சேர்த்து 10,000 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாடிவீட்டுச் சூரியத்தகடு மானியத்தில் ஏழு காலனி வீட்டுக் கூரைகளை முழுச் செலவில், வீட்டுக்காரரிடம் ஒரு பைசா வாங்காமல் குளிர வைத்துவிடலாம். மீதி 8,000 ரூபாய் கையில் இருக்கும். இந்தியாவில் நடந்த சோதனைகள், வெள்ளைப் பூச்சால் அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்கின்றன. 38 டிகிரி அறை 35 ஆவது சின்ன விஷயமாகத் தெரியலாம். தூங்க முடிவதற்கும் முடியாததற்கும் இடையிலுள்ள தூரம் அதுதான்.

விசிறிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சாதாரண விசிறி 75 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு விசிறி என்றால் 108. இலவச 100 யூனிட்டை விசிறிகளே தின்றுவிடும். அதனால்தான் பல வீடுகளில் சமையலறை விசிறி இல்லாமல் வேகிறது. புதிய பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். இரண்டும் சேர்ந்து 43 யூனிட்தான். ஆனால் விலை கூடுதல். 2014இல் எல்இடி பல்பை அரசு நிறுவனம் கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். மொத்தமாக வாங்க வாங்க 2016இல் அது 38 ரூபாய்க்கு வந்தது. விலை தானாக இறங்கவில்லை. அரசு கோடிக்கணக்கில் ஒரே கையில் வாங்கியதால் இறங்கியது. 2011இல் விலையில்லா மேசை மின்விசிறியை வீடு வீடாகக் கொடுத்த மாநிலம் இது. அந்த விசிறிகளில் பல இப்போது பரணில் கிடக்கின்றன. அடுத்த முறை கொடுப்பதாக இருந்தால், 30 வாட் விசிறியைக் கொடுங்கள். கூரைப் பூச்சையும் அதே போல் மொத்தமாக வாங்குங்கள்.

கடன் கொடுத்தால் ஏழைகள் செய்துகொள்வார்கள் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. ‘கிரீன் டீல்’ என்ற பெயரில் 2013இல் தொடங்கி, வீட்டைச் சீரமைக்கக் கடன், அதை மின்கட்டணத்திலேயே தவணையாகக் கட்டலாம் என்றார்கள். லட்சக்கணக்கில் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். கடன் எடுத்தது சுமார் 14,000 வீடுகள். 2015இலேயே அரசு கைகழுவியது. அமெரிக்கா 1976இலிருந்து வேறு வழியில் நடத்திவருகிறது. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அரசே ஆளனுப்பி, வீட்டைச் சோதித்து, செலவு வாங்காமல் செய்து தருகிறது. வாடகை வீடாக இருந்தால், இதைக் காரணம் காட்டி வாடகையை ஏற்றக் கூடாது என்று வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் போடுகிறார்கள். பணக்கார நாட்டிலேயே கடன் திட்டம் ஓடவில்லை. கம்பெனியில் முன்பணம், சுயஉதவிக் குழுவில் ஒரு கடன், மைக்ரோ பைனான்ஸில் இரண்டு கடன் என்று வாரத் தவணைக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பூர்ப் பெண்களிடம் கூரைக்கு இன்னொரு கடன் என்று போய் நிற்க யாருக்கு மனம் வரும்?

பணம் ஏற்கெனவே இருக்கிறது

புதிதாக ஒரு திட்டம் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. 2000-01க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய 2.5 லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கப்போவதாக 2024இல் மாநில அரசு அறிவித்தது. சராசரி ஒரு வீட்டுக்கு 80,000 ரூபாய். பழுதுபார்க்க முடியாத வீடுகளுக்குப் பதிலாக 25,000 புதிய வீடுகள் கட்ட 2025-26 நிதிநிலை அறிக்கையில் 600 கோடி ரூபாய். இது தவிர கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். நம் பகுதியில் இந்தத் திட்டங்களின் பெரும்பங்கு பயனாளிகள் பட்டியல் சாதியினர்தான். காரணம் எளிது: பழைய தொகுப்பு வீடுகள் யாருக்குக் கட்டப்பட்டனவோ அவர்கள் வீடுதானே பழுதாகும்.

பழுதுபார்க்கும் எஸ்டிமேட்டில் பெயர்ந்த காரைக்கும் ஒழுகும் தளத்துக்கும் வரி இருக்கிறது. ‘வெப்பம் தாங்கும் மேற்பூச்சு அல்லது தட்டோடு’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். 80,000இல் எட்டில் ஒரு பங்கு அது. சாரம் கட்டி, ஆள் வைத்து, சிமெண்ட் ஏற்றும் அதே நாளில் செய்தால் கூலியும் மிச்சம். ஒழுகலை அடைத்துவிட்டு வெறும் கான்கிரீட்டை அப்படியே விட்டுவிட்டால், அந்த வீட்டுக்கு இன்னொரு முறை அரசு திரும்பிப் பார்க்க இருபது வருடம் ஆகும்.

இன்னொரு பை அயோத்திதாசப் பண்டிதர் பெயரிலான குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம். ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. சாலை, குடிநீர், சுடுகாட்டுப் பாதை எல்லாம் அதில் வருகின்றன, வர வேண்டியவைதான். தெருவுக்குச் சிமெண்ட் போடுகிற திட்டம் தெருவின் இருபுறக் கூரைகளுக்கும் வெள்ளை போட்டால் என்ன? 2024இல் பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் உயிர். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. மின்துறையும் சுற்றுச்சூழல் துறையும் ஆற்றல் சேமிப்புக்கும் வெப்பத் தடுப்புக்கும் செலவழிக்கும் பணத்தில் அந்தப் பங்கு எந்தத் தெருவுக்குப் போகிறது என்று கேட்க இப்போது சட்டம் கையில் இருக்கிறது.

அரசுப் பள்ளிகளின் கூரைக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலை பசுமைப் பள்ளித் திட்டத்தில் நடக்கிறது. நல்லது. பிள்ளை நாலு மணிக்குப் பள்ளியை விட்டு வந்துவிடும். கூரை அனல் இறங்கத் தொடங்குவது அப்போதுதான்.

இந்தக் கணக்கில் சேராமல் போகிறவர்களையும் சொல்ல வேண்டும். பழுதுபார்ப்புத் திட்டம் 2000-01க்கு முந்தைய வீடுகளுக்கு. அதற்குப் பிறகு கட்டியவை, 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் உட்பட, பட்டியலில் இல்லை. பசுமை வீடு என்ற பெயர் ஐந்து சூரியவிளக்குகளுக்காக வந்தது. பாலாற்றங்கரைப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருப்பவர்கள் எந்தத் திட்டத்திலும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் நகரங்களுக்குள் ஷீட் போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளிகள், தலித்தும் முஸ்லிமும், ‘ஊரக’ என்ற சொல்லுக்கு வெளியே இருக்கிறார்கள். கூரைப் பூச்சுக்குப் பட்டா கேட்காதீர்கள் என்பதே இதற்கு என் பதில். மின் இணைப்பு அட்டையோ குடும்ப அட்டையோ போதும். வெள்ளையடிப்பதால் நிலத்தின் மேல் யாருக்கும் உரிமை வந்துவிடாது; அரசு பயப்பட வேண்டியதில்லை.

யார் ஆராய்வது?

சுண்ணாம்பு அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுண்ணாம்போடு பசை கலந்து பலர் அடிக்கிறார்கள். அடித்த கோடையில் நல்ல பலன். வடகிழக்குப் பருவமழையில் பாதி கரைந்துவிடும். மிச்சத்தில் நெடுஞ்சாலைத் தூசி படியும். மேலும் எங்கள் மொட்டை மாடி சும்மா கிடப்பதில்லை. புளி காயும், வடகம் காயும், துணி காயும், இரவில் பாய் விரிக்கும். காலடி படப் படப் பூச்சு உரியும். விலையுயர்ந்த பெயிண்ட் டப்பாவில் எழுதியிருக்கும் ஆயுள், யாரும் ஏறாத கூரைக்குச் சொன்னது. மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றுவது பழைய வழி. தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்டு, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மண் இது. குடிக்கவே லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் தெருவில் கூரைக்கு எங்கே ஊற்றுவது? ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: வெள்ளையடிக்கும் முன் காய்ந்த ஷீட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

ஆகவே நமக்கு வேண்டிய ஆராய்ச்சி மிக எளிய கேள்விகளுக்கு. நாலரை அங்குலப் பழைய தளத்தில், காலடியும் தூசியும் படும் கூரையில், எந்தப் பூச்சு எத்தனை கோடை தாங்கும்? தட்டோடு போடலாம் என்றால் முப்பது வருடத் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா? இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். வேலூரில் விஐடி இருக்கிறது, பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, நூற்றாண்டு கடந்த சிஎம்சி மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. தோல் அழுகாமலிருக்க, சாயம் பிடிக்க, கழிவு குறைய அங்கே எழுபது வருடத்துக்கும் மேலாக ஆராய்கிறார்கள். தோலைத் தொடும் கைகள் இரவில் எந்த வெப்பத்தில் தூங்குகின்றன என்று அளக்க ஒரு மேசை எங்கும் இல்லை. 2025 ஒன்றிய நிதிநிலை அறிக்கை காலணி, தோல் துறையில் 22 லட்சம் வேலைவாய்ப்பு என்று சொன்னது. அந்த வேலைக்கு வருகிறவர்களின் வீடு உற்பத்தியின் ஒரு பகுதி இல்லையா? முந்தைய இரவு தூங்காத விரல்தான் மறுநாள் ஊசியில் மாட்டுகிறது.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு 2024இல் செய்தித்தாள்களில் வந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு உள்ளிட்ட அபாயம் சுமார் இருமடங்கு என்றது அது. அந்த ஆய்வு வேலையிடத்து வெப்பத்தை அளந்தது. எங்கள் பெண்கள் வேலையிட வெப்பத்திலிருந்து வீட்டு வெப்பத்துக்கு வருகிறார்கள். இரண்டையும் சேர்த்து அளந்தால் என்ன எண் வரும்?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அந்தத் தொகையில் 40 கூரைகளுக்குப் பூச்சு அடிக்கலாம். இறந்தவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்கூட்டியே செலவழிக்கப் பேரிடர் நிதியில் இடம் வேண்டும் என்கிறேன்.

2025இல் தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. கத்திரி முடியும் முன்பே காற்று மாறியது. எல்லாருக்கும் வெயில் மறந்துபோகும் நேரம் இதுதான். கூரை வேலை மழை நின்ற பிறகு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிய வேண்டும் என்றால், கோப்பு இப்போதே நகர வேண்டும். நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் 2021இல் நடந்ததால், மற்ற பல மாவட்டங்களைப் போல் தனி அலுவலர்கள் கையில் இல்லாமல், 2025இல் தலைவர்கள் பதவியில் இருந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். தீர்மானத்தில் நாலு விஷயம் போதும்: ஊராட்சியில் உள்ள தொகுப்பு வீடுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் கட்டிய ஆண்டு, கூரையின் பரப்பு, பழுதுபார்ப்பு எஸ்டிமேட்டில் வெப்பத் தடுப்புப் பூச்சைச் சேர்க்கக் கோரும் ஒரு வரி. கல்லூரி மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்கு ஊர் தேடும்போது இந்த அளவெடுப்பைக் கையில் எடுக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்பமானி ஒன்றை வெள்ளையடித்த வீட்டிலும், இன்னொன்றை அடிக்காத வீட்டிலும் தொங்கவிட்டு, மாலை ஆறிலிருந்து இரவு பத்துவரை மணிக்கொரு முறை குறித்தால், பிடிஓ அலுவலகத்தில் பேச ஒரு தாள் கிடைக்கும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அதே குடியிருப்புக்கு மறுபடி போனேன். தெருவிளக்கடியில் படித்த பெண், தையற்காரரிடம் இரவல் வாங்கிய அளவு நாடாவோடு பக்கத்து வீட்டு மாடியில் இருந்தாள். கீழே அவளுடைய தம்பி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். அவர்கள் வீடு 17க்கு 18. 306 சதுர அடி, கட்டிய ஆண்டு 1992, மேலே பூச்சு இல்லை. அந்தத் தெருவில் 41 வீடுகள். அன்று மாலைக்குள் 23 முடிந்திருந்தன.